பருப்பு வேகாத தண்ணீரில் பட்டு விரிப்பு: எதில் துவைக்கலாம், எதைத் தொடவே கூடாது

ஆந்திராவின் குப்பம், வி.கோட்டா, பலமநேர் பக்கம் பட்டு புதிதல்ல. ரோட்டோரம் மல்பெரித் தோட்டம், வீட்டை ஒட்டிப் புழு வளர்க்கும் கொட்டகை என்று பட்டு நூலின் தொடக்கமே இங்கேதான். ஆனால் பட்டுத் தலையணை உறையும் படுக்கை விரிப்பும் வாங்கியவர்கள், ஆறு மாதத்தில் "பளபளப்பே போச்சு, கைக்குச் சொரசொரன்னு இருக்கு" என்று சொல்வது அடிக்கடி காதில் விழுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற முடிவுக்கு வருவதற்கு முன், துவைத்த தண்ணீரையும் அதில் கரைத்த சோப்பையும் பார்க்க வேண்டும். பட்டு தானாக அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுப்பது பெரும்பாலும் பக்கெட்டில் இருக்கிறது.

அதனால் இது விரிப்பைப் பற்றிய மதிப்புரை அல்ல, அதைத் துவைக்கக் கடையில் கிடைக்கும் பொருட்களைப் பற்றியது. சாதாரணச் சலவைத் தூள், சலவைக் கட்டி, கம்பளிக்கும் பட்டுக்கும் என்று வரும் திரவம், பூந்திக்கொட்டை, குழந்தை ஷாம்பு ஆகிய ஐந்தையும் போர் தண்ணீரில் வைத்துப் பார்த்தது. துணி 22 மொம்மி மல்பெரிப் பட்டு, சார்மியூஸ் என்ற பளபளப்பான நெசவு: தந்த நிறத்தில் ஓர் உறை, மெரூனில் ஓர் உறை, அதே துணியில் இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று.

மொம்மி என்பது பட்டின் கனத்தைச் சொல்லும் அளவு. ஒரு மொம்மி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். 22 மொம்மி துணி சதுர மீட்டருக்கு 95 கிராம் வரும். 90க்கு 108 அங்குல விரிப்பை எடைக்கல்லில் வைத்தால் ஏறக்குறைய 600 கிராம் காட்ட வேண்டும். 22 மொம்மி என்று சொல்லி விற்றது 400 கிராமுக்குள் நின்றால், கேள்வி கேட்கலாம்.

முதலில் அது பட்டுதானா என்று பாருங்கள். "சாட்டின் சில்க்" என்ற பெயரில் பாலியஸ்டர் நிறைய விற்கிறது. தையல் மடிப்பின் உள்ளிருந்து இரண்டு நூல் உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் வந்த சில்க் மார்க் சீட்டு தொங்கினால் இந்தச் சோதனைக்கே வேலை இல்லை. பாலியஸ்டர் என்று தெரிந்தால் கீழே எழுதியிருக்கும் கவனம் எதுவும் தேவையில்லை, மற்ற துணியோடு போட்டுத் துவைக்கலாம்.

இனி தண்ணீர். துவரம்பருப்பு வேக மறுக்கிற தண்ணீர், கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு விடுகிற தண்ணீர் என்று நம் வீடுகளில் சொல்வது கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த உப்புத் தண்ணீரைத்தான். ஒரு சின்னச் சோதனை உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சுண்டு விரல் நகத்தளவு சீவிப் போட்டு மூடிக் குலுக்குங்கள். நல்ல தண்ணீர் என்றால் மேலே நுரை நிற்கும், கீழே தெளிவாக இருக்கும். போர் தண்ணீரில் நுரை ஒரு கோடு மாதிரி எழுந்து அடங்கிவிடும். தண்ணீர் முழுக்கப் பால் கலந்தது போல் வெளுக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாட்டிலின் சுவரில் தயிர்த் திப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்தால் மெழுகுப் பசை. அந்தப் பசைதான் விரிப்பின் மேலும் படிகிறது. சார்மியூஸ் நெசவில் பளபளப்பு வருவதே, நூல் நீளமாக மேலே மிதந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால். அந்த மிதக்கும் நூலின் மேல் இந்தச் சோப்புப் பசை படிந்தால் பளபளப்பு அடியோடு மறையும். கிழியவும் இல்லை, சாயமும் போகவில்லை, ஆனால் துணி செத்தது போல் இருக்கும்.

இப்போது ஒவ்வொன்றாக.

சலவைத் தூளில் தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் பி.எச். காகிதத்தைத் தூள் கரைத்த தண்ணீரில் நனைத்தால் பத்தைத் தொடுகிறது (ஏழு நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே புளிப்பு). பட்டு நூல் ஃபைப்ராயின் என்ற புரதம். காரம் புரதத்தை அரிக்கும். ஒரு துவைப்பில் தெரியாது, பத்தாவது துவைப்பில் கை வைத்தால் தெரியும். காரம் மட்டுமல்ல, பல தூள்களிலும் மெஷின் திரவங்களிலும் புரோட்டியேஸ் என்ற என்சைம் இருக்கிறது. முட்டை, பால், ரத்தம் போன்ற புரதக் கறையைத் தின்பதுதான் அதன் வேலை. பட்டும் புரதம்தான் என்பதால் கறைக்கும் துணிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இதோடு வெள்ளையைத் தூக்கிக்காட்டும் பிரகாசப் பொருளும் சேரும்போது, தந்த நிற உறை நீலம் பாய்ந்த வெள்ளையாக மாறிப் பிறகு பழுப்பேறுகிறது. தீர்ப்பு: பட்டுக்குத் தூள் வேண்டவே வேண்டாம், எந்த விலைத் தூளாக இருந்தாலும்.

சலவைக் கட்டி இன்னும் மோசம். காரம் ஒரு பக்கம், போர் தண்ணீரில் பசை விடுவது ஒரு பக்கம், கல்லில் வைத்துத் தேய்க்கும் பழக்கம் மூன்றாவது. ஈரப் பட்டைத் தேய்த்தால் மேல் நூலின் இழைகள் உடைந்து, சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளைத் திட்டு விழும். எந்த வைத்தியமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. சலவைச் சோடா, ஆப்ப சோடா, பிளீச்சிங் தண்ணீர் மூன்றும் இதே வரிசை. அதிலும் குளோரின் பிளீச் பட்டைக் கரைத்தே விடும்.

கம்பளிக்கும் மென்துணிக்கும் என்று வரும் திரவங்கள், உதாரணத்துக்குக் கோத்ரெஜ் ஈஸி வகை, இந்த ஐந்தில் வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் முதல் இடம். காகிதம் ஏழை ஒட்டி நிற்கிறது. உறை ஒன்றுக்கு 5 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. பெரிய விரிப்புக்கு 15 லிட்டரில் 15 மில்லி போதும். நுரை குறைவாக இருக்கிறதே என்று கையில் பாட்டிலைச் சாய்க்கக் கூடாது. கூடுதலாக ஊற்றியது அழுக்கை எடுக்காது, அலசத்தான் நேரம் எடுக்கும். வாங்கும்போது பின்பக்கச் சீட்டில் என்சைம் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் வைத்துவிடுங்கள். மெஷினுக்கான சாதாரணத் திரவத்தையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், பாட்டிலைப் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம்.

பூந்திக்கொட்டைக்கு நிறைய இடம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் நம் தண்ணீருக்கு இதைப் போல ஒத்துப்போவது வேறில்லை. இதன் நுரை சபோனின் என்ற பொருளால் வருவது. சோப்பு மாதிரி கால்சியத்தோடு சேர்ந்து பசையாகாது. அதே பாட்டில் சோதனையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் செய்தால் போர் தண்ணீரிலும் நுரை நிற்பதைக் காணலாம். காகிதம் லேசான புளிப்புப் பக்கம் காட்டும், அது பட்டுக்குப் பிடித்த பக்கம். பட்டுப் புடவைகளை இதில் துவைப்பது பழைய வழக்கம், காரணம் இதுதான்.

தெலுங்கு பேசுகிற சந்தையில் பூந்திக்கொட்டை என்று கேட்டால் சிலருக்குப் புரியாது, குங்குடுகாய் என்று கேளுங்கள். பொடியாக வாங்க வேண்டாம். பொடியில் தோல் துகள் மிக நைசாக இருப்பதால் வடிகட்டியைத் தாண்டி நெசவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சீயக்காய் கலந்த பொடியாக இருந்தால் பழுப்புக் கறையும் சேர்த்து. முழுக் காயாக வாங்கி உடைத்து, கறுப்பு விதையை எறிந்துவிடுங்கள், நுரை தோலில் மட்டும்தான். உறைக்கு நாலு காய், விரிப்புக்குப் பன்னிரண்டு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதில் வடிகட்டுங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு தடவை. பிசையும் கையோடு கண்ணைத் தொட்டால் எரிச்சல் தாங்காது. மீந்த சாறு குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் புளித்த வாடை.

குறை ஒன்று உண்டு, சொல்லியாக வேண்டும். சாறு தேநீர் நிறத்தில் இருக்கும். மெரூன், கரும்பச்சை, நீலம் போன்றவற்றில் ஒன்றும் தெரியாது. தந்த நிற உறையில் திரும்பத் திரும்பப் போட்டால் லேசாக மஞ்சள் சாயும். ஆகவே அடர் நிறத்துக்குப் பூந்திக்கொட்டை, வெளிர் நிறத்துக்குத் திரவம். இரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்வதுதான் சரி.

குழந்தை ஷாம்பு அவசரத்துக்கு நல்லது. உறைக்கு ஒரு தேக்கரண்டி. கண்டிஷனர் சேர்ந்த ஷாம்பு வேண்டாம், அதன் சிலிக்கோன் நூலின் மேல் படலமாக நின்று வேர்வையை உறிஞ்சவிடாது. விரிப்பு முழுவதற்கும் ஷாம்பு போடுவது கட்டுப்படியாகாது.

துவைக்கும் முறையில் அவசரப்படுகிற இடங்கள் மூன்று: ஊறவைப்பது, அலசுவது, தூக்குவது.

முதல் தடவை துவைக்கும் அடர் நிறத் துணி என்றால், ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் அது எப்போதும் தனியாகத்தான். தண்ணீர் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை மாத மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டும், காலையிலேயே பிடித்து நிழலில் வையுங்கள். திரவத்தையோ சாற்றையோ தண்ணீரில் கரைத்த பிறகுதான் துணியை உள்ளே விடுவது, துணியின் மேல் ஊற்றுவது அல்ல. உட்புறம் வெளியே இருக்கும்படி திருப்பி, ஐந்து நிமிடம் மட்டும் ஊறவிட்டு, மாவு பிசைவது போல் அழுத்தாமல், தண்ணீருக்குள் மேலும் கீழும் அசைத்தால் போதும். மூன்று நிமிடத்தில் வேலை முடியும்.

அலசுவது மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீரில் 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். போர் தண்ணீரின் காரத்தையும் மிச்ச சோப்பையும் அது முறிக்கும், பட்டின் அந்தச் சரசரப்பு ஒலி திரும்ப வரும். இந்தக் கடைசித் தண்ணீர் மட்டும் மழைத் தண்ணீராகவோ 20 லிட்டர் கேன் தண்ணீராகவோ இருந்தால் பலன் கண்ணில் தெரியும். இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது: ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் துணிக்குப் பிடித்து வைப்பார்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்கிறது, போர் தண்ணீரை விட அது கடினம். தரை துடைக்க ஆகும், பட்டுக்கு ஆகாது.

தூக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்து மொத்தமாகத் தூக்குங்கள். 600 கிராம் விரிப்பு தண்ணீர் குடித்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். பட்டு நனைந்தால் வலு குறையும் நூல். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் தையல் ஓரம் முதலில் விடும்.

வாஷிங் மெஷின் கூடாது என்பதில்லை. வலைப்பைக்குள் போட்டு, சில்க் அல்லது டெலிகேட் சுற்றில், குளிர்ந்த தண்ணீரில், சுழற்சியை 400 ஆர்.பி.எம். அளவுக்குக் குறைத்து, டிரம்மில் பாதிக்கு மேல் நிரப்பாமல் ஓட்டலாம். கூட ஜீன்ஸோ ஜிப் வைத்த துணியோ கொக்கி வைத்த உள்ளாடையோ போகக் கூடாது. உறைகளுக்குக் கைதான் நல்லது, பெரிய விரிப்புக்கு மெஷின் உதவும். டிரையர் வேண்டாம்.

கறைகளில் நம் வீட்டுக்கென்றே ஒன்று உண்டு, தேங்காய் எண்ணெய். தலை வைக்கும் இடத்தில் முட்டை வடிவில் கொஞ்சம் கருத்து, அந்த இடம் மட்டும் வெளிச்சத்தைத் திருப்பாமல் கிடக்கும். தூசி அதில்தான் முதலில் ஒட்டும். துவைத்துக் காய்ந்த பிறகும் ஓரத்தில் மெல்லிய கோடாக நின்றால் எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம், அதன் மேல் இஸ்திரி போட்டால் பழுப்பாக வெந்து நிலைத்துவிடும். துவைப்பதற்கு முன், காய்ந்த துணியின் மேல் சோளமாவையோ டால்கம் பவுடரையோ தூவி ஒரு மணி நேரம் விடுங்கள். கடலை மாவு வேண்டாம், நிறம் இறங்கும். மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, உட்புறத்திலிருந்து இரண்டு சொட்டுத் திரவத்தை விரல் நுனியால் வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துவையுங்கள். வெந்நீர் போட்டால் எண்ணெய் சீக்கிரம் போகும் என்று தோன்றும், கூடவே சாயமும் போகும். வாரம் ஒரு முறை உறையை மாற்றிவிட்டால் இந்தச் சிரமம் பாதியாகும்.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும், பயப்பட வேண்டாம், காரம் பட்ட மஞ்சளின் குணம் அது. வினிகர் தண்ணீரில் அலசினால் மறுபடி மஞ்சளாகும், நாலைந்து துவைப்பில் மங்கும். ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர், உடனே. வேர்வையைத்தான் யாரும் கறையாக நினைப்பதில்லை. அதன் உப்பு தங்கிவிட்டால் பட்டு மஞ்சளித்து அந்த இடத்திலேயே நைந்து போகும். கோடையில் விரிப்பைப் பத்து நாளுக்கு மேல் விட்டுவைக்காதீர்கள்.

காயவைப்பது சுருக்கம். முறுக்கிப் பிழியாமல், தடித்த துவாலையில் பாய் சுருட்டுவது போல் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில், பி.வி.சி. குழாய் மேலோ பிளாஸ்டிக் உறை போட்ட கயிற்றிலோ. இரும்புக் கம்பியின் துரு பட்டில் பட்டால் எடுக்க முடியாது. நேர் வெயில் வெளிர் பட்டை மஞ்சளாக்கும், அடர் நிறத்தை மங்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்விசிறிக்கு அடியில் இரவு முழுக்க விடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சைப் புள்ளி விழும்.

இஸ்திரி போடுவதென்றால் துணி சீராக லேசான ஈரத்தில் இருக்கும்போதே, உட்புறத்தில், பெட்டியின் டயலில் சில்க் என்று இருக்கும் இடத்தில். காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்தால் ஒவ்வொரு துளியும் வட்டமாகத் தடம் விடும். தெரு வண்டிக்குக் கொடுக்க வேண்டாம். கரிப் பெட்டியின் சூட்டை எந்த டயலும் கட்டுப்படுத்துவதில்லை, ஒரு தீப்பொறி போதும்.

பட்டுப் பஞ்சு நிரப்பிய மெத்தைப் போர்வை வாங்கியிருந்தால், அதைத் துவைக்கவே துவைக்காதீர்கள். உள்ளே இருப்பது கூட்டிலிருந்து கையால் இழுத்து விரித்து, அடுக்கு அடுக்காக வைத்த பட்டுப் பஞ்சு. சீனாவின் சூஜோ பக்கம் இதற்குப் பேர் போனது. நனைந்தால் அடுக்கு கட்டி கட்டியாகச் சுருண்டுவிடும், மறுபடி விரியாது. ஆரம்பத்திலிருந்தே கழற்றித் துவைக்கிற உறை போட்டு வைத்து, மாதம் ஒரு நாள் நிழலில் இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் போதும். காபி கொட்டிவிட்டால் அந்த இடத்தை மட்டும், பஞ்சை விலக்கி, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

எடுத்து வைக்கும் விரிப்பைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். பட்டைத் தின்னும் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டு இரண்டும் துணிப் பொட்டலமாகக் கட்டி அலமாரி மூலையில். நாப்தலீன் உருண்டை வைத்தால் பட்டின் மேல் நேரடியாகப் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, பழைய மடிப்பு விழுந்த கோட்டை விட்டு வேறு இடத்தில் மடியுங்கள். அந்தக் கோட்டில்தான் பட்டு முதலில் கீறல் விடும்.